வினை கடைசியில் வரும்

தன்லினில் மின்சாரம் வருவது இரவு ஒன்றுக்கு,
போவது ஐந்துக்கு.
அதற்குள் அம்மா சோறு வடித்தாக வேண்டும்,
மாடிவீட்டு கோ ஸோ மின் தண்ணீர் ஏற்றியாக வேண்டும்,
நான்
குசானோ தெப்பெய்யைப் பர்மிய மொழிக்குக்
கொண்டுவந்தாக வேண்டும்.

யாரென்று கேட்டால் சிரிப்பீர்கள்.
ஜப்பானில் இரண்டாம் பிரிவு அணியொன்றின்
இடது பின்காப்பாளன்; அதிலும் மாற்று ஆள்.
இந்தப் பருவம் முழுக்க அவன் ஆடியது
நாற்பத்தொரு நிமிடம்.
அவன் தெருக்காரர்களுக்கே அவனைத் தெரிந்திருக்காது.

மழையில் ஒருநாள் பந்தைத் துரத்திப் போனவன்
கோட்டைத் தாண்டி, வழுக்கி,
விளம்பரப் பலகையொன்றைச் சாய்த்துவிட்டான்.
எழுந்தான். பலகையை நிமிர்த்தினான்.
பிறகு அதன் முன் இடுப்பு மடங்கக் குனிந்து
மன்னிப்புக் கேட்டான்.
நூடுல்ஸ் விளம்பரம் அது.

பன்னிரண்டு நொடி.
பாகோவில் எவனோ ஏற்றினான்.
பாத்தெய்ன் பார்த்தது, மாண்டலே பார்த்தது,
மலேசியாவில் கையுறை செய்கிற எங்கள் பையன்கள்
இரவுப் பணியின் இடைவேளையில் பார்த்தார்கள்.
ஒரே வாரத்தில் முப்பது லட்சம் பேர்.
ஏனென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
எங்களை இடித்துவிட்டுப் போகிறவர்கள்
திரும்பிப் பார்ப்பதில்லை என்பதாலா?
இல்லை, சும்மா சிரிப்புத்தானா?

அவன் அணியின் மைதானத்தில் ஆறாயிரம் நாற்காலி.
நான் நடத்தும் பக்கத்தில் நான்கு லட்சம் பேர்.

நான் ஜப்பான் மொழி படிப்பது அவனுக்காக இல்லை.
ஒசாகாவில் முதியோர் இல்ல வேலை,
ஏஜெண்டுக்குப் பாதிப் பணம் கட்டியாயிற்று.
முதல் வகுப்பில் ஆசிரியை எழுதிப்போட்டார்:
வினை கடைசியில் வரும்.
யாரும் மிரளவில்லை. பர்மியமும் அப்படித்தான்.
வீட்டில் நான் பேசும் தமிழும் அப்படித்தான்.
சொல்ல வந்ததைக் கடைசிவரை
உள்ளங்கையில் மூடிவைத்திருக்கும் மூன்று மொழிகள்;
அடையாள அட்டையில் தின் தின் ஏ,
வகுப்பில் ஏ-சான்,
அம்மா கோபத்தில் கூப்பிடும்போது கனகவல்லி.

போன ஞாயிறு எண்பத்தெட்டாம் நிமிடத்தில்
அவனை இறக்கினார்கள்.
பந்து ஒரே ஒருமுறை அவனிடம் வந்தது.
பத்திரமாகக் கோல்காப்பாளருக்கே
திருப்பிக் கொடுத்தான்.
எண்பதாயிரம் இதயங்கள் சிவந்தன அதற்கு.
அம்மா வாயில் அவன் பெயர் நுழையாது.
"தெப்பம் இன்னிக்கு இறங்குச்சா?"
"இறங்குச்சும்மா. ரெண்டு நிமிஷம்."
"ரெண்டு நிமிஷத்துக்கா இவ்வளவு டேட்டா?"

நேற்று இரவு ஒன்றேகாலுக்கு அவன் எழுதியிருந்தான்.
படமில்லை. நான்கே வரி.
வரிவரியாக மாற்றி ஏற்றினேன்:

முழங்கால் பற்றி மருத்துவரிடம் பேசினேன்.
நான் பார்த்திராத ஊர்களிலிருந்து
இத்தனை பேர் கூப்பிடுவது ஏனென்று
இன்னமும் புரியவில்லை; நன்றி.
அந்தப் பலகைக்கும்.
இந்தப் பருவத்தோடு நான் பந்தாட்டத்தை

அங்கே நின்றுவிட்டேன்.
அடுத்த சொல் எனக்குத் தெரியும்.
மூன்றாம் பாடத்திலேயே வந்த சொல் அது,
புகைப்பதை, வேலையை, எதையும்
அதோடு சேர்க்கலாம்.
மூன்று புள்ளி வைத்து அனுப்பினேன்.
இரண்டாம் வேற்றுமை உருபு மட்டும்
பிடி இல்லாமல் தொங்க,
நான் பார்த்துக்கொண்டே இருக்க, ஐந்தானது.
விசிறி நின்றது.

காலையில் திறந்தால்
வாக்கியத்தை ஆளுக்கொரு பக்கம் முடித்திருக்கிறார்கள்.
தொடர்கிறேன்.
நேசிக்கிறேன்.
உங்களுக்குக் காட்ட ரங்கூன் வருகிறேன்.
இன்னும் கற்றுக்கொள்கிறேன்.
ஜொகூரிலிருந்து ஒருவன் மட்டும்:
விற்கிறேன். கடைசியில் எல்லாரும்
எதையோ விற்கத்தானே வேண்டும், தம்பி.

ஜப்பானில் என்னைவிட இரண்டரை மணி முன்னால் விடிந்துவிட்டது.
அங்கே அந்தச் சொல் பழசாகியிருக்கும்.

சார்ஜ் மூன்று விழுக்காடு.
ஒரு சொல்லுக்கு அது போதும்.
போதாதென்று சொல்லிக்கொண்டு
வைத்துவிட்டுப் போகிறேன், வகுப்புக்கு.